மணிக்கூண்டின் இருபுறமும்

ராஃபிள்ஸ் பிளேஸ் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து, சிங்கப்பூர் ஆற்றின் மேலுள்ள கேவனா நடைபாலத்தைக் கடப்பவர்களின் கண்ணில் முதலில் படுவது ஓர் உயரமான மணிக்கூண்டு. அதன் இருபுறமும் ஒன்றைப் போலவே மற்றொன்று தோன்றும் இரண்டு வெள்ளைக் கட்டடங்கள் நிற்கின்றன. தேக்காவிலிருந்து வருபவர்கள் தோபி காட்டில் ரயில் மாறி, சிட்டி ஹால் நிலையத்தில் இறங்கி, பாடாங் திடலின் ஓரமாக நடந்தும் இங்கு வந்து சேரலாம். இந்த இடத்திற்கு எம்பிரஸ் பிளேஸ் என்று பெயர். கட்டடங்களின் பெயர் விக்டோரியா அரங்கமும் இசை மண்டபமும்.

இரட்டையர் போலத் தோன்றினாலும் இவை ஒரே வயதுடையவை அல்ல. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ நாற்பது ஆண்டு வேறுபாடு உண்டு. மூத்தது நகர மண்டபமாகப் பிறந்தது. 1855இல் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1862இல்தான் பணி முடிந்தது. கூட்டங்கள், அலுவலகங்கள், இடையிடையே நாடகங்கள் என எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கட்டடம் பயன்பட்டது.

1901ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பிரிட்டனின் விக்டோரியா அரசியார் காலமானார். அவருடைய நினைவாக ஒரு மண்டபம் எழுப்ப வேண்டும் என்று சிங்கப்பூரில் முடிவு செய்யப்பட்டது. பொதுமக்களிடமும் நன்கொடை திரட்டப்பட்டது. ஸ்வான் அண்ட் மெக்லாரன் நிறுவனத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் பிட்வெல் அதை வடிவமைத்தார். நகர மண்டபத்தின் பக்கத்திலேயே எழுந்த விக்டோரியா நினைவு மண்டபம் 1905ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது. பிறகு பழைய நகர மண்டபத்தின் முகப்பும் புதியதற்கு ஒத்தவாறு மாற்றப்பட்டு, உள்ளே நாடக அரங்கம் அமைக்கப்பட்டது. அதாவது, மூத்தவருக்குத் தம்பியின் சட்டையை அணிவித்துவிட்டார்கள். நடுவில் எழுந்த 54 மீட்டர் உயர மணிக்கூண்டு இருவரையும் இணைத்தது.

1909இல் புதிய அரங்கில் முதலில் மேடையேறியது ‘பென்சான்ஸின் கடற்கொள்ளையர்கள்’ என்னும் ஆங்கில நகைச்சுவை இசை நாடகம். பென்சான்ஸ் என்பது இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் உள்ள ஒரு கடற்கரைச் சிற்றூர். நடித்தவர்களும் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். பார்த்தவர்களும் பெரும்பாலும் அவர்களே. சிங்கப்பூரின் சாதாரண மக்கள் கலை நிகழ்ச்சிகளைப் பார்க்கச் சென்ற இடங்கள் வேறு. 1923இல் ஜாலான் புசாருக்கு அருகில் திறக்கப்பட்ட நியூ வோர்ல்டு கேளிக்கைப் பூங்கா அவற்றுள் ஒன்று. பங்சாவான் எனப்படும் மலாய் இசை நாடகம், சீன இசை நாடகம், குத்துச்சண்டை என்று அங்கே எல்லாம் இருந்தன. லிட்டில் இந்தியா மக்களுக்கு அது நடந்து போகும் தூரம். அந்தப் பூங்காவின் பழைய நுழைவாயிலை இன்றும் கிச்சனர் சாலையில் உள்ள கடைத்தொகுதியின் அருகே காணலாம். நுழைவாயில் மட்டுமே எஞ்சியுள்ளது.

விக்டோரியா மண்டபத்தின் கதை அப்படி முடியவில்லை. ஆனால், அது எப்போதும் கலைக்கூடமாக மட்டுமே இருக்கவும் இல்லை. 1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது, காயமடைந்தோரை இங்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். இசை கேட்க மக்கள் அமர்ந்த இடம் மருத்துவமனையாயிற்று. சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானபின் நாடு முழுவதும் தோக்கியோ நேரம் நடைமுறைக்கு வந்தது. மணிக்கூண்டின் முட்களும் ஒன்றரை மணி நேரம் முன்னால் நகர்த்தப்பட்டன. நகரம் யாருடைய கையில் இருக்கிறது என்பதைக் கடிகாரமே சொல்லிக்கொண்டிருந்தது. போர் முடிந்தபின், 1946இல், போர்க்குற்ற வழக்கு விசாரணைகளும் இதே மண்டபத்தில் நடைபெற்றன. 1954ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி மக்கள் செயல் கட்சியின் தொடக்கக் கூட்டமும் இங்குதான் நடந்தது.

இவை எல்லாவற்றையும்விட மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஓர் இரவு உண்டு. அது 1958ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் தேதி.

நாடக அரங்கம் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திறக்கப்படவிருந்தது. அந்த விழாவுக்காக ஒரு புதிய பாடல் வேண்டும் என்று நகர மன்றம் விரும்பியது. சுமத்திராவிலிருந்து இளைஞராக வந்து சிங்கப்பூரில் குடியேறி, திரைப்படங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்த சுபிர் சயித் அந்தப் பணியை ஏற்றார். சொற்களையும் அவரே மலாய் மொழியில் எழுதினார். எளிய சொற்களாக இருக்க வேண்டும், எல்லா இனத்தவரும் பாட வேண்டும் என்பதில் அவர் கவனமாக இருந்தார். சிங்கப்பூர் சேம்பர் ஆன்சாம்பிள் என்னும் இசைக்குழு அன்றிரவு அப்பாடலை வழங்கியது. அந்தக் குழுவை 1950இல் நிறுவி வழிநடத்தியவர் பினாங்கில் பிறந்த பால் அபிஷேகநாதன். ஆசிரியராகவும் இசை நடத்துநராகவும் விளங்கிய அவருக்கு 1986இல் கலாசாரப் பதக்கம் வழங்கப்பட்டது.

அந்தப் பாடல் ‘மஜூலா சிங்கப்பூரா’. ‘முன்னேறட்டும் சிங்கப்பூர்’ என்பது அதன் பொருள். மறு ஆண்டே சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றது. பாடல் சற்றுச் சுருக்கப்பட்டு, 1959ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி நாட்டின் கீதமாக அறிமுகப்படுத்தப்பட்டது. இன்று பள்ளிகளில் காலைதோறும் ஒலிக்கும் கீதம், ஓர் அரங்கத்தின் திறப்பு விழாவுக்காக எழுதப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. அன்னிய நாட்டு அரசியாரின் பெயரைத் தாங்கிய கட்டடத்தில் அது முதலில் பாடப்பட்டது என்பது இன்னும் வியப்புக்குரியது.

அப்படியானால் அந்தப் பெயரை ஏன் மாற்றவில்லை என்று கேட்கத் தோன்றும். நினைவு மண்டபத்தின் பெயர் ஓரளவு மாறத்தான் செய்தது. சிங்கப்பூர் சிம்ஃபனி இசைக்குழுவின் இல்லமானபோது, ‘நினைவு’ என்ற சொல் நீங்கி அது விக்டோரியா இசை மண்டபம் ஆயிற்று. ‘விக்டோரியா’ நீடித்தது. முன்புறம் நிற்கும் ராஃபிள்ஸின் வெண்கலச் சிலையும் அப்படியே நீடிக்கிறது. 1887இல் பாடாங் திடலில் திறக்கப்பட்ட அச்சிலை, 1919இல்தான் இங்கு மாற்றப்பட்டது. அதற்கு முன் இவ்விடத்தில் ஒரு வெண்கல யானை நின்றிருந்தது. 1871இல் சிங்கப்பூருக்கு வந்த சயாம் மன்னர் சுலலோங்கோன் அளித்த பரிசு அது. ராஃபிள்ஸுக்கு இடம்விட்டு நகர்ந்த யானையை, அருகிலுள்ள பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் இப்போதும் பார்க்கலாம்.

பெயரைவிடக் கடினமான கேள்வி, கட்டடத்தைக் காப்பதா இடிப்பதா என்பதே. உலகெங்கும் பழைய அரங்குகள் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கின்றன. இங்கிலாந்தின் பிளாக்பூல் கடற்கரை நகரில் 1894இல் திறக்கப்பட்ட கிராண்ட் அரங்கம், விக்டோரியா காலத்து அழகுக்குப் பெயர்பெற்றது. பார்வையாளர் குறைந்தபோது அதை இடிக்கும் பேச்சு எழுந்தது. ஊர்மக்கள் எதிர்த்தார்கள். சில காலம் பிங்கோ விளையாடும் கூடமாக இருந்து, 1981இல் அது மீண்டும் நாடக அரங்கமாயிற்று.

சிங்கப்பூரில் அந்த வாய்ப்புக் கிட்டாத அரங்கமும் உண்டு. ஃபோர்ட் கேனிங் குன்றின் அடிவாரத்தில் 1963இல் திறக்கப்பட்ட தேசிய அரங்கிற்கு, ஒரு செங்கல்லுக்கு ஒரு வெள்ளி என்று பொதுமக்கள் பணம் கொடுத்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய பெரிய அரங்கம் அது. கட்டமைப்புப் பாதுகாப்புப் பற்றிய கவலையாலும் விரைவுச்சாலைத் திட்டத்தாலும் 1986இல் அது இடிக்கப்பட்டது. மக்கள் தங்களுக்காகக் கட்டிய அரங்கம் கால் நூற்றாண்டுகூட நிற்கவில்லை; அரசியாருக்காகக் கட்டியது நூறாண்டைக் கடந்துவிட்டது. இதை நினைத்துப் பார்ப்பவர்களுக்குச் சற்று வருத்தமாகத்தான் இருக்கும்.

விக்டோரியா அரங்கமும் இசை மண்டபமும் 1992இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டன. ஆகவே, 2010இல் பெரும் புதுப்பிப்புப் பணி தொடங்கியபோது வெளித்தோற்றத்தைக் கெடுக்காமல் உள்ளே மாற்ற வேண்டியிருந்தது. அங்கேதான் சிக்கல் வந்தது. இசை மண்டபமும் நாடக அரங்கமும் வெளியே ஒன்றுபோல இருந்தாலும், ஒலியைப் பொறுத்தவரை அவற்றின் தேவைகள் வெவ்வேறு. குளியலறையில் பாடினால் குரல் இனிமையாகக் கேட்கிறது. ஒலி சுவர்களில் பட்டுத் திரும்பி, சற்று நேரம் தங்கி நிற்பதே காரணம். அதே அறையில் வேகமாகப் பேசினால் ஒரு சொல் மறையும் முன் அடுத்த சொல் வந்து அதனுடன் கலந்துவிடும். வயலினுக்கும் குழலுக்கும் ஒலி தங்க வேண்டும். நாடக வசனத்துக்கு ஒலி விரைவில் அடங்க வேண்டும். அதனால்தான் ஒன்றில் உயர்ந்த கூரையும் கடினமான சுவர்களும் தேவைப்படுகின்றன. மற்றொன்றில் நடிகருக்கும் பார்வையாளருக்கும் இடையிலுள்ள தூரம் குறைவாக இருக்க வேண்டியுள்ளது.

இசை மண்டபத்தில் முன்பு அமைக்கப்பட்டிருந்த மாடம் மிகவும் முன்னால் நீண்டிருந்தது. அதன்கீழ் அமர்ந்தவர்களுக்கு இசை மங்கலாகவே கேட்டது. புதுப்பிப்பின்போது அந்த மாடம் அகற்றப்பட்டுச் சிறியதொன்று அமைக்கப்பட்டது. இருக்கைகளும் குறைந்தன. இப்போது இசை மண்டபத்தில் 673 பேரும், நாடக அரங்கில் 614 பேரும் அமரலாம். நாடக அரங்கில் முன்பு ஏறத்தாழ 900 இருக்கைகள் இருந்தன. நுழைவுச்சீட்டு விற்கும் நாடகக் குழுவுக்கு இது இழப்புதான். ஆனால், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் நடிகரின் முகபாவம் தெரிகிறது. பழைய இருக்கைகளின் பகுதிகளும் வீணாகவில்லை. அவற்றைப் புதிய அரங்கின் உட்புற அமைப்பில் மீண்டும் பயன்படுத்தினார்கள். நான்காண்டுப் பணிக்குப்பின் 2014ஆம் ஆண்டு ஜூலை மாதம் இரண்டும் மீண்டும் திறக்கப்பட்டன.

இப்போது இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே, மணிக்கூண்டின் அடியில், வெளிச்சம் நிறைந்த ஒரு பொதுவழி இருக்கிறது. முன்பு இடையில் சேர்க்கப்பட்டிருந்த பகுதிகள் நீக்கப்பட்டதால், பழைய பக்கச் சுவர்களை அங்கிருந்தே நன்றாகப் பார்க்க முடிகிறது. நுழைவுச்சீட்டு இல்லாதவர்களும் அவ்வழியே நடக்கலாம். நிகழ்ச்சிக்கு வருபவர்கள் மட்டும் சற்று முன்னதாகவே வந்துவிடுவது நல்லது. கதவு மூடப்பட்டபின், முதல் இடைவெளி வரும்வரை வெளியே காத்திருக்க வேண்டியிருக்கும். தலைக்கு மேலேயே அவ்வளவு பெரிய கடிகாரம் இருக்கும்போது நேரம் தெரியவில்லை என்று சொல்லவும் முடியாது.