கை நடுக்கமும் மூளைக்குள் வைக்கும் கம்பியும்

ஆத்தூர்க் கொடிக்கால்களில் வெற்றிலை கிள்ளி, கவுளி கவுளியாக எண்ணி அடுக்கிப் பழகிய விரல்களில் நடுக்கம் தோன்றினால், அதை முதுமையின் இயல்பென்று கருதி ஓராண்டைக் கழிப்பதும், வாதமென்று கருதி எண்ணெய் தேய்த்து மற்றோர் ஆண்டைக் கழிப்பதும், எவரோ சொன்ன சூரணத்தை நம்பி மேலும் சில ஆண்டுகளைத் தொலைப்பதும், இறுதியில் இருவர் தாங்கிப் பிடிக்க மருத்துவமனைக்கு வந்து, "மூளையில கம்பி வச்சா சரியாயிரும்னு சொல்லுதாவ, அதை வச்சிருங்க சார்" என்று கேட்பதும் இந்தத் தாமிரவருணிக் கரையில் வழக்கமாகிவிட்டன. முக்காணியிலிருந்து வருபவரும் புன்னைக்காயலிலிருந்து வருபவரும் சொல்லும் கதை ஏறக்குறைய ஒன்றே. கம்பி வைத்துப் பயன்பெறக்கூடிய காலத்தில் அதன் பெயரைக் கேட்டே அஞ்சி ஓடியவர்கள், பயன்பெற இயலாத காலத்தில் அதுவே கதியென்று வந்து நிற்கிறார்கள் என்பதுதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டிய துயரம்.

கம்பி யாருக்கு?

பார்க்கின்சன் நோய் என்னும் நடுக்குவாதத்துக்கு முதல் மருந்து லெவோடோபா மாத்திரையே, அதில் ஐயமில்லை. அந்த மாத்திரைக்குத் தேகம் நன்கு இணங்கி, நான்கைந்து ஆண்டுகள் கழிந்தபின், ஒரு வேளை மாத்திரையின் வீரியம் அடுத்த வேளை வரை நில்லாமல் இறங்கிவிட, ஏறியிருக்கும் நேரத்திலோ கைகால்கள் தம் வசமின்றி நெளிந்தாட, இவ்விரண்டுக்குமிடையே நாளெல்லாம் அலைக்கழிகிறாரே, அவருக்குத்தான் மூளைக்குள் கம்பி வைக்கும் இச்சிகிச்சை உரியது. மாத்திரை மிக நன்றாக வேலை செய்யும் நேரத்தில் ஒருவரால் எவையெவை செய்ய இயலுமோ, அவையே கம்பியின் உதவியால் நாளின் பெரும்பகுதியிலும் செய்ய இயலும்; நடுக்கம் மட்டுமே இவ்விதிக்கு விலக்கு, மாத்திரைக்கு அடங்காத நடுக்கமும் கம்பிக்கு அடங்குவதுண்டு. ஞாபக சக்தி குலைந்தவருக்கும், மாத்திரை ஏறிய நிலையிலும் எழுந்து நடக்க இயலாதவருக்கும் இது பிரயோஜனப்படுவதில்லை. காலங்கடந்து வருபவர்களை மருத்துவர்களாகிய நாங்கள் திருப்பி அனுப்புவது கருணையின்மையால் அன்று.

"மூளைக்குள் கரண்ட் விடுவார்களாமே"

இச்சிகிச்சையைப் பற்றி உலவும் அச்சங்களில் முதலாவது, மூளையில் மின்சாரம் பாய்ச்சினால் புத்தி பேதலித்துவிடும் என்பது. மனநோய்க்குக் கொடுக்கப்படும் மின்னதிர்ச்சிச் சிகிச்சையோடு இதைக் குழப்பிக்கொள்வதால் விளைந்த பிரமை இது. மூளையின் அடியாழத்தில் வைக்கப்படும் மின்முனை ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்புள்ள மெல்லிய கம்பி. அதன் நுனியிலுள்ள உலோக வளையங்கள் வழியாகச் சில வோல்ட் அளவே உள்ள மின்துடிப்பு, நொடிக்கு ஏறத்தாழ 130 முறை, அவரைவிதையினும் சிறிய ஓரிடத்தில் மட்டும் சென்று அங்குள்ள நரம்பணுக்களின் முறைகெட்ட தாளத்தைக் கலைக்கிறது. நோயாளி அதை அதிர்ச்சியாக உணர்வதில்லை.

இரண்டாவது அச்சம், கம்பி நம் எண்ணங்களைப் படித்துவிடும் என்பது. திரைப்படங்கள் இதற்குப் பெரும் பொறுப்பாளிகள். மின்முனைகள் மூளையின் துடிப்பைப் பதிவு செய்வது உண்மைதான். ரணசிகிச்சையின்போது பெரும்பாலும் நோயாளியை விழிப்பில் வைத்திருந்து, மயிரிழையினும் நுண்ணிய முனையை இறக்கி, அணுக்களின் படபடப்பை ஒலிபெருக்கியில் கேட்டே மருத்துவர்கள் சரியான ஸ்தானத்தை அறிகிறார்கள். 2020 முதல் வந்துள்ள சில கருவிகள் பொருத்தியபின்னும் அந்தத் துடிப்பைப் பதிந்துவைக்கின்றன. ஆயினும் அப்பதிவில் தெரிவது உடலின் இறுக்கத்தோடு ஏறி இறங்கும் ஒரு தாளமேயன்றி, மனிதரின் ஆசையும் ரகசியமும் அல்ல.

மூன்றாவது, இது நம் தேசத்துக்கு ஒவ்வாத புதிய பரிசோதனை என்பது. இது புதியதுமன்று, நமக்கு அந்நியமுமன்று. சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பா. ராமமூர்த்தி 1950-ல் நரம்பு ரணசிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அவர் வழியில் வளர்ந்த டாக்டர் டி. எஸ். கனகா, பெண்கள் அத்துறையை எட்டிப்பார்க்கவும் தயங்கிய காலத்தில் அதில் பட்டம் பெற்று, 1975-லேயே மூளைக்குள் நிலையாக மின்முனைகளைப் பொருத்தியவர் என்று அறியப்படுபவர். பிரான்சு நாட்டின் கிரனோபிள் நகரில் டாக்டர் பெனாபிட், வேகமான மின்துடிப்பால் நடுக்கம் அடங்குவதைக் கண்டு, இன்று உலகெங்கும் வழங்கும் முறைக்கு வித்திட்டது 1987-ல். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையம், ஆத்தூரிலிருந்து ஒரு பகல் பயணத்தில், பல ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறது.

நான்காவது அச்சமன்று, பேராசை: கம்பி வைத்தால் நோய் ஒழிந்துவிடும், மாத்திரையை விட்டெறியலாம் என்பது. நோய் தன் போக்கில் உள்ளே நடந்துகொண்டேதான் இருக்கும். மாத்திரையின் அளவு குறையும். அடியோடு நின்றுவிடுவது அரிது. தாமாகவே திடீரென்று நிறுத்திய சிலர் கடுங்காய்ச்சலோடு மரம்போல் விறைத்து உயிருக்குப் போராடும் நிலைக்குச் செல்வதுண்டு. நூறு பேரில் ஓரிருவருக்கு மூளையில் இரத்தக் கசிவு நேரும் அபாயமும், கருவியைச் சுற்றிக் கிருமி தொற்றும் அபாயமும், சில லட்சங்களை விழுங்கும் செலவும் இதில் உண்டு என்பதை மறைப்பதும் தர்மமன்று.

பூனைக்காலியும் மருந்துக்கடையும்

பூனைக்காலி விதைச் சூரணத்தை மடித்துக்கொண்டு, "இது நாட்டு மருந்து, பக்கவிளைவே கிடையாது" என்று சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை குன்றிவிடுகிறது. பூனைக்காலியை நான் இகழவில்லை. சென்னைச் சேப்பாக்கத்துப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் ராமசாமியும் 1937-லேயே அவ்விதையிலிருந்து பிரித்தெடுத்த பொருள், நாங்கள் மாத்திரையில் கொடுக்கும் அதே லெவோடோபாதான். ஆகவே அது வீரியமுள்ள ஔஷதம். வீரியமுள்ளதாலேயே அளவு தவறினால் விபரீதம். ஒரு விதையில் உள்ள அளவு மற்றொன்றில் இல்லை. எங்கள் மாத்திரையை விழுங்கிய கையோடு இரண்டு கரண்டி சூரணத்தையும் உண்டு, உடல் நெளிந்தாட, இல்லாத மனிதர்கள் கண்ணுக்குத் தெரிய, "மாத்திரைதான் கெடுத்தது" என்று வந்து முறையிடுவதில் என்ன நியாயம்?

இதனினும் கொடியது, சீட்டின்றி வாங்கும் மாத்திரை. தலைசுற்றலுக்கென்று சின்னரிசினும் புளூனரிசினும், வாந்திக்கென்று மெட்டோகுளோபிரமைடும், 'கேஸ்' என்று சொல்லி லெவோசல்பிரைடு கலந்த மாத்திரையும் மாதக்கணக்கில் விழுங்கும் முதியவர்களுக்கு, நடுக்குவாதத்தைப் போன்றே நடுக்கமும் விறைப்பும் தோன்றும். அம்மாத்திரையை நிறுத்தினாலே சில மாதங்களில் பெரும்பாலோர்க்கு அது தணியும். அத்தகையவர் கம்பி வேண்டுமென்று கேட்டு வரும்போது, அவர் மடியிலிருந்து உருவியெடுத்த மாத்திரைப் பட்டையே நோயின் காரணமாக இருப்பதைக் காண்கிறோம். "கடைக்காரத் தம்பி தந்தாரு" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

சிறிது சாராயம் குடித்தால் கை நிற்கிறது என்போரும் உளர். பரம்பரையாக வரும் ஒருவகைக் கைநடுக்கம் மதுவால் சற்று நேரம் அடங்குவது மெய். இறங்கியபின் முன்னிலும் மிகுந்து திரும்புவதும் மெய். அந்தச் சற்று நேரத்துக்காகக் குடிக்கு அடிமையானவர்களின் குடும்பங்கள் இக்கரையில் ஒன்றிரண்டல்ல.

சோதனைகள்

கம்பி வைக்குமுன் முக்கியமாகச் செய்பவை எம்.ஆர்.ஐ. படம், மாத்திரை கொடுத்துப் பார்க்கும் சோதனை, ஞாபகசக்திச் சோதனை: இவ்வளவே.

பொருத்திக்கொண்டவர்களிடம் ஒரு விண்ணப்பம்

தலையில் இறங்கிய கம்பி, காதுக்குப் பின்புறம் தோலடியில் ஓர் இணைப்பு முனையில் மற்றொரு கம்பியோடு சேர்ந்து, கழுத்து வழியே இறங்கி, காறை எலும்பின்கீழ் பதித்த பாட்டரிக் கருவியில் முடிகிறது. இந்த இணைப்பிடந்தான் நலிந்த இடம். அங்கே தோல் சிவந்தாலோ, மெலிந்தாலோ, நீர் கசிந்தாலோ, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிக்கொண்டு காத்திராதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். கிருமி கம்பியைப் பற்றி மூளைக்கு ஏறுமுன் அன்றே வாருங்கள். மார்பிலுள்ள கருவியை விரலால் உருட்டிப் பழகாதீர்கள், கம்பி முறுக்கி அறுந்துவிடும்.

முதுகுவலிக்கோ முழங்கால் வலிக்கோ செல்லுமிடத்தில் 'டயாதெர்மி' என்னும் மின்வெப்பச் சிகிச்சையை எக்காரணத்தாலும் ஏற்காதீர்கள். வெப்பம் கம்பி வழியே மூளையைச் சுட்டுவிடும். இவ்வகையில் இருவர் இறந்ததைச் சுட்டி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2002-ல் எச்சரித்திருக்கிறது.

கடலோரத்து மக்களுக்குத் தனியே ஒன்று சொல்லவேண்டும். நன்றாக நீந்திப் பழகியிருந்த ஒன்பது பேர், கம்பி பொருத்தியபின் நடப்பதில் தேறியும் நீந்தும் திறனை இழந்ததைச் சூரிச் நகர மருத்துவர்கள் 2019-ல் எழுதினார்கள். ஆகையால் ஆற்றிலும் கடலிலும் துணையின்றி இறங்காதீர்கள். சங்கு குளிக்கும் ஆழமெல்லாம் கருவி தாங்குவதற்கில்லை, அதை மறந்துவிடுங்கள்.

பாட்டரி பல கருவிகளில் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் தீரும். தீர்ந்த அன்றே பழைய விறைப்பு முழு வேகத்தில் திரும்பக்கூடும் என்பதால், செலவை எண்ணித் தள்ளிப்போடாமல், தீருமுன்பே மருத்துவரிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கருவியின் அடையாள அட்டையைப் பல் மருத்துவர் முதல் எம்.ஆர்.ஐ. எடுப்பவர் வரை யாவரிடமும் முதலில் காட்டுங்கள். இன்னும் கம்பி வைக்காதவர்களோ, நடுக்கம் கண்ட முதல் மாதத்திலேயே, வீட்டில் விழுங்கிவரும் மாத்திரைப் பட்டைகளையும் சூரணப் பொட்டலங்களையும் ஒன்றுவிடாமல் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு நரம்பியல் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.