ஜூன் 10: மெஸ்ஸியை ஒரு வருஷம் நிறுத்தி வைத்த தேதி

2020 ஆகஸ்ட் 25, ராத்திரி. லாக்டவுன் காலம். ஃபுட்பால் பார்க்கிற பசங்க இருந்த எல்லா வாட்ஸ்அப் க்ரூப்பிலும் ஒரே செய்தி: மெஸ்ஸி பார்சிலோனாவை விட்டுப் போறாராம், ஃபேக்ஸ் அனுப்பிட்டாராம். “இந்தக் காலத்துல எவன்டா ஃபேக்ஸ் அனுப்புறான்?” இதுதான் எங்க க்ரூப்பில் வந்த முதல் கேள்வி. அடுத்த பத்து நாள் உலகமே பார்க்க ஒரு சண்டை நடந்தது. அப்புறம் சட்டுனு அடங்கிப்போச்சு. பலருக்கு இன்னிக்கு ஞாபகம் இருப்பது “அவர் போறேன்னு சொன்னார், க்ளப் விடல” என்ற ஒரு வரி மட்டும்தான்.

ஆனா அந்த ஒரு வரிக்குள்ளே இருந்த பிரச்சனை, கோட் எழுதுகிற யாருக்கும் உடனே புரியும். வேரியபிளாக வைத்திருக்க வேண்டிய ஒன்றை ஹார்ட்கோட் செய்துவிட்டார்கள்.

முதலில் அந்த ஃபேக்ஸ். அது ‘பூரோஃபாக்ஸ்’. ஸ்பெயின் தபால் துறையின் ஒரு சேவை. நம்ம ஊரில் முன்னாடி வக்கீல் நோட்டீஸை ரெஜிஸ்டர்டு தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமா வைத்துக்கொண்டோம் இல்லையா, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஒரு வித்தியாசம் உண்டு. ஒப்புகை அட்டை ஒரு கவர் போய்ச் சேர்ந்ததுக்குத்தான் சாட்சி. கவருக்குள்ள வெள்ளைத்தாள்தான் இருந்ததுன்னு எதிராளி சொன்னா மாட்டிக்கிட்டோம். பூரோஃபாக்ஸில் என்ன எழுதியிருந்தது, எப்போது அனுப்பியது, யார் வாங்கியது எல்லாத்துக்கும் தபால் துறையே அத்தாட்சி கொடுக்கும், கோர்ட்டிலும் செல்லும். 13 வயசில் வந்து 20 வருஷம் இருந்த இடத்துக்கு ஒருத்தர் இதை அனுப்புகிறார் என்றால், இனிமே வாய்ப்பேச்சு வேண்டாம் என்றுதான் அர்த்தம்.

அதுக்கு 11 நாள் முன்னாடி, ஆகஸ்ட் 14 அன்று, லிஸ்பனில் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் பேயர்ன் மியூனிக்கிடம் பார்சிலோனா 8-2 என்று தோற்றிருந்தது. கோச் கீக்கே செத்தியேனை அனுப்பிவிட்டு ரொனால்ட் கூமனைக் கொண்டுவந்தார்கள். மெஸ்ஸிக்கு அப்போ 33 வயசு. 8-2 தான் காரணம் என்று நிறைய பேர் எழுதினார்கள். ஆனால் போகணும் என்று வருஷம் முழுக்கவே தலைவர் பார்த்தொமேவிடம் சொல்லிக்கொண்டு இருந்ததாக மெஸ்ஸி பிறகு பேட்டியில் சொன்னார்.

இப்போ காண்ட்ராக்ட். 2017 நவம்பரில் போட்டது, 2021 ஜூன் 30 வரை. அதில் ஒரு கதவு வைத்திருந்தார்கள்: 2019-20 சீசன் முடிவில் மெஸ்ஸி நினைத்தால் இலவசமாக வெளியே போகலாம். ஒரே நிபந்தனை, ஜூன் 10க்குள் சொல்லணும்.

ஏன் ஜூன் 10? சாதாரண வருஷத்தில் லீக் மே மாதத்தில் முடியும். சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ நடக்கும். 2020 ஃபைனல் மே 30 அன்று இஸ்தான்புலில் நடப்பதாக இருந்தது. அப்படி நடந்திருந்தால் ஜூன் 10 என்பது சீசன் முடிந்து 11 நாள். யோசித்து முடிவெடுக்க வீரருக்குப் போதும், மாற்று ஆள் தேட க்ளப்புக்கும் கோடை முழுக்க நேரம் இருக்கும். அதாவது எழுதியது ஜூன் 10, மனசில் இருந்தது ‘சீசன் முடிஞ்சு கொஞ்ச நாளில்’. ரெண்டும் ஒண்ணுதான்னு 2017-ல் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

கொரோனா வந்து ரெண்டையும் பிரித்துவிட்டது. லா லிகா மார்ச்சில் நின்று, ஜூன் 11 அன்றுதான் மறுபடி தொடங்கியது. பார்சிலோனா 13ஆம் தேதி மயோர்காவில் ஆடியது. ஆக, அந்த ஜூன் 10 அன்று பார்சிலோனாவுக்கு இன்னும் 11 லீக் மேட்ச் பாக்கி. ரியல் மாட்ரிடை விட 2 பாயிண்ட் மேலே, முதல் இடத்தில் இருந்தார்கள். நாப்போலியோடு சாம்பியன்ஸ் லீக் ரெண்டாவது ஆட்டம் வேற பாக்கி. கோப்பைக்கான ஓட்டம் பாதியில் இருக்க, கேப்டன் “நான் கிளம்புறேன்”னு லெட்டர் கொடுப்பாரா? கொடுத்திருந்தா அவரை என்னவெல்லாம் பேசியிருப்போம்!

மாற்றிவைத்த சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் நடந்தது ஆகஸ்ட் 23. பூரோஃபாக்ஸ் போனது ஆகஸ்ட் 25. சீசனின் நிஜமான முடிவிலிருந்து எண்ணினால் ரெண்டே நாள். மெஸ்ஸி தரப்பின் வாதம் மொத்தமும் இதுதான். அது ஆதாரமில்லாத வாதமும் இல்லை. அந்த ஏப்ரலிலேயே ஃபிஃபா, சீசன் முடிவோடு முடிகிற காண்ட்ராக்டுகளை, சீசன் நிஜமாக முடியும் தேதி வரை நீட்டிக்கலாம் என்று பரிந்துரை கொடுத்திருந்தது. தேதியை விட்டுவிட்டு நோக்கத்தைப் பார் என்பதுதான் அதன் சாரம். பரிந்துரைதான், கட்டளை இல்லை.

க்ளப் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட தேதி அது. இன்னிக்கு “சூழ்நிலை மாறிடுச்சு” என்று தளர்த்தினால் நாளைக்கு எல்லாரும் அதையே சொல்வார்கள். தவிர, மெஸ்ஸி ஜூன் 10க்குள் ஒரு வரி எழுதி, “சீசன் தள்ளிப்போனதால் என் உரிமையும் தள்ளிப்போகிறது, ஒப்புக்கொள்கிறீர்களா?” என்று கேட்டிருக்கலாமே? அவரிடம் வக்கீல்கள் இல்லாமலா இருந்தார்கள்? என்னைக் கேட்டால், மெஸ்ஸி தரப்பில் நடந்த பெரிய சறுக்கல் இதுதான்.

அதுக்கு அவர் சொன்ன பதில்தான் இந்தக் கதையில் எனக்கு ரொம்ப உறுத்துகிற இடம். சீசன் முடிந்ததும் போவதா இருப்பதா என்று நீயே முடிவு பண்ணிக்கோ என்று தலைவர் எப்பவும் சொல்லிக்கொண்டே இருந்தாராம், தேதி எதுவும் சொன்னதில்லையாம். வாய்வார்த்தை. அதை நம்பினார். சண்டை வந்ததும் மேசைமேல் இருந்தது காகிதம் மட்டும்தான்.

சரி, கதவு மூடிவிட்டது என்றால் வேறு வழி? 700 மில்லியன் யூரோ. ஸ்பெயினில் 1985-ல் வந்த அரசாணைப்படி ஒரு விளையாட்டு வீரர் இழப்பீடு கொடுத்துவிட்டு காண்ட்ராக்டை முறிக்கலாம். தொகை எவ்வளவு என்று முன்னாடியே பேசி எழுதிக்கொள்வார்கள். அதுதான் நாம செய்திகளில் படிக்கிற ‘ரிலீஸ் க்ளாஸ்’. 2017 ஆகஸ்டில் நெய்மாருக்கு 222 மில்லியனை பிஎஸ்ஜி அலட்டிக்காமல் எடுத்து வைத்தது. அதே வருஷ நவம்பரில் மெஸ்ஸிக்குப் போட்ட தொகை 700. விலை சொல்வதுக்குப் போட்ட எண் இல்லை அது, யாரும் வாங்கக் கூடாதுன்னு போட்டது.

ஆகஸ்ட் 30 அன்று மெஸ்ஸி கொரோனா டெஸ்ட்டுக்கு வரவில்லை, மறுநாள் பயிற்சிக்கும் வரவில்லை. அதே 30ஆம் தேதி லா லிகா நிர்வாகம் க்ளப் பக்கம் நின்று அறிக்கை விட்டது: காண்ட்ராக்ட் உயிரோடு இருக்கிறது, போகணும்னா அந்தத் தொகையைக் கட்டணும். செப்டம்பர் 4 அன்று, அப்பாவும் ஏஜெண்டுமான ஹோர்ஹே மெஸ்ஸி, 8.2.3.6 என்ற பிரிவைக் குறிப்பிட்டுப் பதில் கடிதம் எழுதினார். இந்த சீசன் முடிவிலிருந்து வீரரே விலகினால் அந்த 700 பொருந்தவே பொருந்தாது என்று. லா லிகா அன்றைக்கே அதை மறுத்தது. அடுத்த சில மணி நேரத்தில் மெஸ்ஸி ‘கோல்’ இணையதளத்துக்குக் கொடுத்த பேட்டி வெளியாகிறது: இருக்கிறேன்.

யார் சொன்னது சரி? எந்த நீதிபதியும் சொல்லவில்லை, ஏன்னா கேஸ் போகவே இல்லை. கோர்ட்டுக்குப் போனால் ஜெயிக்கலாம், ஆனால் அதுவரை எங்கே ஆடுவது? 23 வயசுக்காரருக்கு ஒரு வருஷம் போனால் போகட்டும். 33-ல் அப்படி விட முடியாது. அவரை எடுக்க நினைத்த க்ளப்புகளுக்கும் பயம் இருந்தது. காண்ட்ராக்ட் முறிவு தப்பு என்று தீர்ப்பானால், அப்போதைய ஃபிஃபா விதிப்படி புது க்ளப்பும் சேர்ந்து இழப்பீடு கட்ட வேண்டியிருந்தது. மான்செஸ்டர் சிட்டி பெயர் அடிபட்டது, ஆனால் அந்த ரிஸ்க்கை எடுக்க யாரும் முன்னுக்கு வரவில்லை. தன் வாழ்க்கையையே கொடுத்த க்ளப்பை கோர்ட்டுக்கு இழுக்க மாட்டேன் என்று மெஸ்ஸி சொன்னது உண்மையான பாசமாகவே இருக்கலாம், எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனா பாசம் இல்லாவிட்டாலும் கணக்கு அதே விடையைத்தான் கொடுத்திருக்கும்.

இதே க்ளப், இதே மாசம், இன்னொரு 33 வயசுக்காரர்: லூயிஸ் சுவாரஸ். அவருக்கும் காண்ட்ராக்டில் ஒரு வருஷம் பாக்கி இருந்தது. புது கோச் போன் போட்டு, உன்னை இனி கணக்கில் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டார். போகணும்னவரை காகிதத்தைக் காட்டி நிறுத்தினார்கள், இருக்கணும்னவரை காகிதம் இருந்தும் அனுப்பினார்கள். அட்லெட்டிகோவுக்குப் போன சுவாரஸ் அந்த சீசனில் 21 லீக் கோல் அடித்து அவர்களை சாம்பியன் ஆக்கினார். பார்சிலோனா மூணாவது.

பார்த்தொமே அக்டோபர் 27 அன்று ராஜினாமா செய்தார். 2021 ஜனவரி கடைசியில் ‘எல் முண்டோ’ பத்திரிகை அந்தக் காண்ட்ராக்டையே வெளியிட்டது. நாலு வருஷத்துக்கு வரிக்கு முன் அதிகபட்சம் 55 கோடியே 52 லட்சம் யூரோ. இவ்வளவு வாங்குகிறவருக்கு என்ன குறை என்று அப்போது நிறைய பேர் கேட்டார்கள். சம்பளம் பத்தி அவர் சண்டையே போடல என்பதை மறந்துவிட்டார்கள்.

2021 ஜூன் 30 வந்தது. காண்ட்ராக்ட் தானாக முடிந்தது. இப்போ கதவு முழுசா திறந்து கிடக்க, அவர் இருக்கணும் என்றார், சம்பளத்தில் 50 சதவீதம் குறைத்துக்கொள்ளவும் சம்மதித்தார். இந்தத் தடவை லா லிகாவின் சம்பள வரம்பு விதி குறுக்கே நின்றது. மெஸ்ஸியையும் சேர்த்தால் சம்பளச் செலவு வருமானத்தில் 110 சதவீதம் ஆகிறது என்றார் புதிய தலைவர் லபோர்டா. ஆகஸ்ட் 8 அன்று மேடையில் நின்று அழுதுவிட்டு, 10ஆம் தேதி பாரிஸில் கையெழுத்துப் போட்டார்.

2000 டிசம்பரில் அவருக்காக எழுதப்பட்ட முதல் ஒப்பந்தம் ஒரு பேப்பர் நாப்கின். கையில் வேறு தாள் இல்லாததால், க்ளப்பின் டெக்னிக்கல் செயலாளர் கார்லஸ் ரெஷாக் அதில் சில வரிகள் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதில் பிரிவு எண்ணும் இல்லை, கடைசித் தேதியும் இல்லை. 2024 மே மாதம் அது லண்டன் ஏல நிறுவனமான போன்ஹாம்ஸ் வழியாக 7,62,400 பவுண்டுக்கு ஏலம் போனது.