படகிலிருந்து எஞ்சினைத் தூக்குதல்

எங்கள் பள்ளிக்கரணைச் சதுப்பில் விசைப்படகு கிடையாது. எஞ்சின் தூக்குவதைக் காணக் காசிமேட்டுக்குத்தான் செல்லவேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கப்பிப் பாடம் நடத்திய நான், மாணவர்க்கு ஒன்றை அழுத்திச் சொல்லத் தவறினேன். சங்கிலிக் கப்பி நம் கை உணரும் பாரத்தையே குறைக்கும்; மேலே தாங்கும் தூலத்தின்மீதோ எஞ்சினின் முழுப் பாரமும், நம் கையிழுப்பும் சேர்ந்தே இறங்கும். ஆதலின் கப்பியைப் படகின் மேற்கூரையில் மாட்டலாகாது. கரையில் ஊன்றிய இரும்புத் தூலமே தகும்.

படகைக் கரையேற்றி முட்டுக்கொடுத்தபின், முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றுக. டீசல் குழாயை அடைத்து, நீர்க்குழாய், புகைக்குழாய், விசிறித் தண்டின் இணைப்பு, அடிப் போல்ட்டுகள் அனைத்தையும் விடுவிக்க வேண்டும். மறந்த ஒரு போல்ட் போதும்: சங்கிலி முறுகி நிற்கும், அது அறுந்த கணத்தில் எஞ்சின் துள்ளி, அருகிலிருப்பவர் கையை நசுக்கிவிடும். எனவே விரலளவு எழுந்ததும் நிறுத்திச் சுற்றிப் பாருங்கள். கியர்ப் பெட்டியின் பாரத்தால் பின்புறம் தாழ்ந்தால், இறக்கிக் கட்டை மாற்றுங்கள். ஆடும் எஞ்சினைக் கையால் அன்று, பக்கக் கயிற்றால் அடக்குக; அடியில் எவரும் நிற்கலாகாது.