ஆய்விதழ்க் கட்டுரைகளைச் சான்று காட்டும் முறை

ஆய்விதழ்க் கட்டுரையொன்றைச் சான்று காட்டுங்கால் ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் ஆகியவற்றை அடைப்புக்குறிக்குள் தருதல் மொழியியலாரிடையே பெருவழக்காகும். சான்றாக, இந்தியாவை ஒரு மொழிப்பரப்பாகக் கொண்டு 'லாங்குவேஜ்' இதழின் 32ஆம் தொகுதியில் எமனோ எழுதிய கட்டுரை (எமனோ 1956: 3) எனக் குறிக்கப்பெறும். இதழின் பெயரும் தொகுதி எண்ணும் துணைநூற்பட்டியலுக்கு உரியன.

தமிழரிடையே குடும்பப்பெயர் வழக்கு பெரும்பாலும் இன்மையால் இம்முறையில் ஓர் இடர்ப்பாடு எழுகிறது. தெ. பொ. மீனாட்சிசுந்தரன் என்பதில் முன்னெழுத்துகள் ஊரையும் தந்தையையும் சுட்டுவன. இறுதியில் நிற்பதே இயற்பெயர். ஆனால், தந்தை பெயரை இறுதியில் விரித்தெழுதும் ஆங்கிலக் கட்டுரைகளில், இறுதிப் பெயரைக் கொள்ளும் மேலை விதி தந்தையையே ஆசிரியராக்கிவிடும். ஆய்வு செய்தவர் பெயர் மறையாதிருக்க இயற்பெயரையே தருதல் வேண்டும். ஒரே பெயருடையார் இருவராயின் முன்னெழுத்தையும் சேர்த்தல் தகும்.