வலிமையான கதிர், மங்கலான படம்!

கை எலும்பு முறிந்தால் எக்ஸ்-ரே படம் எடுக்கிறார்கள். அதில் எலும்பு வெள்ளை வெளேரென்று தெரியும். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கும் கருவியும் எக்ஸ் கதிர்களைத்தான் வெளியிடுகிறது. அந்தக் கதிரைக் கொண்டே படம் எடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? எலும்பும் தசையும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றும்!

கதிரின் ஆற்றல் கூடியும் படம் ஏன் மங்குகிறது? சாதாரண எக்ஸ்-ரே குழாய் ஒரு லட்சம் வோல்ட் அளவில் இயங்குகிறது. அந்த ஆற்றலில், அணு எண் கூடக்கூடக் கதிரை விழுங்கும் திறனும் வெகுவேகமாகக் கூடும். எலும்பிலுள்ள கால்சியத்தின் அணு எண் 20. தசையில் மிகுந்துள்ள ஆக்சிஜனின் அணு எண் 8. ஆகவே நிழல் தெளிவாக விழுகிறது. சிகிச்சைக் கதிரோ பெரும்பாலும் 60 லட்சம் வோல்ட் வகை. அங்கே காம்ப்டன் சிதறலே ஓங்கி நிற்கிறது. அது அணு எண்ணைப் பொருட்படுத்துவதில்லை. எலெக்ட்ரான்களின் நெருக்கத்தையே பொறுத்தது. அந்த நெருக்கத்தில் எலும்புக்கும் தசைக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

படம் மங்கினால் என்ன குறைந்துவிடும் என்கிறீர்களா? சிகிச்சை பல வாரங்கள் நடப்பது. சிறுநீர்ப்பை நிரம்பினாலே பக்கத்து உறுப்புகள் இடம் மாறும். சில மில்லிமீட்டர் பிசகினாலும் கட்டியின் ஓரம் தப்பிவிடலாம். நல்ல திசு அடிபடலாம்.

எனவே சிகிச்சைக் கருவியிலேயே ஒரு சாதாரண எக்ஸ்-ரே குழாயையும் பொருத்தினார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆய்வு செய்த டேவிட் ஜாஃப்ரே குழுவினர் 2002-ல் இம்முறையை விரிவாக விளக்கினர். குழாய் நோயாளியைச் சுற்றி வந்து நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கும். கணிப்பொறி அவற்றைச் சேர்த்து முப்பரிமாணப் படமாக்கும்.

இதிலும் இரண்டு தொல்லைகள் உண்டு. முதலாவது, அகன்ற கற்றை உடலுக்குள் நாலாபுறமும் சிதறுகிறது. பகல் காட்சியின்போது திரையரங்கின் கதவைத் திறந்தால் திரை வெளுத்துப்போகிறதல்லவா? சிதறிய கதிரும் படத்தை அப்படித்தான் வெளுக்கச் செய்கிறது. இரண்டாவது, பல கருவிகளில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். அதற்குள் நோயாளி பன்னிரண்டு முறைக்கு மேல் மூச்சு விடுவார். நுரையீரல் கட்டி கலங்கித் தெரியும்.

சிதறலைத் தடுக்க ஈயப் பட்டைகளாலான சல்லடை உதவுகிறது. மூச்சின் நிலைக்கேற்பப் படங்களைப் பிரித்து அடுக்கினால் கலங்கலும் குறைகிறது. கதிரின் அளவைக் கூட்டினால் படத்தின் புள்ளிகள் குறையும். ஆனால் அந்தக் கதிர் நல்ல திசுக்களிலும் பாயுமே!

ஆகவே இங்கே நல்ல படம் என்பது மிக அழகான படம் அன்று. "கட்டி குறித்த இடத்தில் இருக்கிறதா?" என்ற கேள்விக்கு, மிகக் குறைந்த கதிரில் சரியான விடை தரும் படமே நல்ல படம்.