திறமைசாலிகள் சேர்ந்தால் மட்டும் நல்ல டீம் ஆகிவிடுமா? விமான விபத்துகள் கற்றுக்கொடுத்த பாடம்

ஒரு வேலைக்கு நாலு கெட்டிக்காரர்களைப் பிடித்துப் போட்டால், மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் தகுதி, அனுபவம் எல்லாம் இருந்தவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தும், ஒருவர் கண்ணில் பட்ட ஆபத்து இன்னொருவர் காதில் ஏறாததால் உயிர்கள் பறிபோயிருக்கின்றன. அப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகுதான், சேர்ந்து வேலை செய்வதையே தனிப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் விமானத் துறையில் வந்தது. ஒரு குழு எப்படி நல்ல டீமாக மாறுகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

எரிபொருள் தீர்ந்து விழுந்த விமானம்

1978 டிசம்பர் 28. அமெரிக்காவின் டென்வரில் இருந்து புறப்பட்ட யுனைடெட் ஏர்லைன்ஸின் 173-ம் எண் விமானம், 189 பேருடன் போர்ட்லாண்ட் நகரை நெருங்கிக்கொண்டிருந்தது. தரையிறங்குவதற்காகச் சக்கரங்களை இறக்கியபோது பெரிய சத்தம் கேட்டது. விமானம் ஒரு பக்கமாக இழுத்தது. சக்கரம் சரியாகப் பூட்டிக்கொண்டதா என்று காட்டும் விளக்கும் எரியவில்லை.

கேப்டன் அவசரப்படவில்லை. வானிலேயே வட்டமடித்தபடி, என்ன கோளாறு என்று ஆராய்ந்தார். பயணிகளைத் தயார்படுத்தச் சொன்னார். இப்படியே சுமார் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. எரிபொருளும் கரைந்துகொண்டே வந்தது.

இது துணை விமானிக்கும் ஃப்ளைட் இன்ஜினியருக்கும் தெரியாமல் இல்லை. சொல்லவும் செய்தார்கள். ஆனால் எப்படிச் சொன்னார்கள் என்பதுதான் விஷயம். 'இவ்வளவுதான் இருக்கிறது', 'இன்னும் 15 நிமிடம் போனால் ரொம்பக் குறைந்துவிடும்' என்ற அளவில்தான் பேச்சு இருந்தது. 'உடனே இறங்கியாக வேண்டும், இல்லையென்றால் விழுந்துவிடுவோம்' என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. கேப்டனின் கவனம் முழுக்கச் சக்கரத்திலேயே இருந்தது.

கடைசியில் இன்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஓடுபாதையை எட்டச் சில மைல்களே இருந்த நிலையில், நகரின் புறநகர்ப் பகுதியில் விமானம் விழுந்தது. 10 பேர் உயிரிழந்தனர். அதில் அந்த ஃப்ளைட் இன்ஜினியரும் ஒருவர். சக்கரங்கள் உண்மையில் சரியாகவே இறங்கியிருந்தன என்பது பிறகு தெரியவந்தது.

ஒரு வருடம் முன்பே அடித்த எச்சரிக்கை மணி

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதிக்கொண்டதில் 583 பேர் இறந்தனர். விமானப் போக்குவரத்து வரலாற்றிலேயே அதிக உயிர்களைப் பறித்த விபத்து இதுதான்.

அன்று கடும் மூடுபனி. ஓடுபாதையில் எதிரே பான் ஆம் விமானம் இன்னும் நகர்ந்து வந்துகொண்டிருந்தபோது, கேஎல்எம் விமானத்தின் கேப்டன் புறப்படத் தொடங்கிவிட்டார். அந்த விமானத்தின் ஃப்ளைட் இன்ஜினியருக்குச் சந்தேகம் வந்தது. எதிர் விமானம் விலகிவிட்டதா இல்லையா என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் உறுதியாகச் சொல்லிவிட்டார். அவரோ அந்த நிறுவனத்தில் மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுக்கும் மூத்த விமானி. அதற்கு மேல் அந்த அறையில் யாரும் மறுத்துப் பேசவில்லை. சில விநாடிகளில் மோதல்.

'பெரியவருக்குத் தெரியாததா?', 'நமக்கு எதுக்கு வம்பு?' என்ற மனநிலை எந்த ஆபீஸிலும், எந்தக் கடையிலும் பார்க்கக்கூடியதுதான். விமானத்தில் அதற்கான விலை உயிராக இருக்கிறது.

டீம் வேலை பாடமான கதை

போர்ட்லாண்ட் விபத்தை விசாரித்த அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், கேப்டனின் தவறை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. ஜூனியர்களுக்குத் துணிந்து பேசவும், கேப்டன்களுக்கு எல்லோரையும் சேர்த்துக்கொண்டு வேலை வாங்கவும் பயிற்சி தேவை என்று பரிந்துரைத்தது.

1979-ல் நாசா அமைப்பு இதற்காகவே ஒரு பயிலரங்கை நடத்தியது. பல விபத்துகளில் விமானத்தை ஓட்டும் திறமையில் குறையில்லை, பேச்சு, முடிவெடுப்பு, தலைமை ஆகியவற்றில்தான் கோட்டைவிட்டிருக்கிறார்கள் என்பது அங்கே பேசப்பட்டது. 1981-ல் யுனைடெட் நிறுவனம் தன் விமானிகளுக்கு இந்தப் பயிற்சியை முறையாகத் தொடங்கியது. இன்று 'க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட்', சுருக்கமாக சிஆர்எம் என்ற பெயரில் உலகம் முழுவதும் இது நடக்கிறது.

இதில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்? 'ஒற்றுமையாக இருங்கள்' என்ற உபதேசம் அல்ல. பழக்கப்படுத்திக்கொள்ளக்கூடிய சின்னச் சின்னச் செயல்கள்தான்.

உதாரணத்துக்கு, ஆபத்தைச் சொல்வதற்கே ஒரு வரிசை உண்டு. முதலில் பெயரையோ பதவியையோ சொல்லிக் கூப்பிட வேண்டும். பிறகு தன் கவலையைச் சொல்ல வேண்டும். பிரச்சினை என்ன, என்ன செய்யலாம் என்று சொல்லி, கடைசியில் பதில் வாங்க வேண்டும். 'எரிபொருள் குறைகிறது' என்பதற்குப் பதிலாக, 'கேப்டன், எனக்குக் கவலையாக இருக்கு. இன்னும் சுற்றினால் ஓடுபாதை வரை போக எரிபொருள் பத்தாது. இப்பவே இறங்கிடலாம். சரியா?' என்று கேட்பது. மரியாதை குறையாது, விஷயமும் மழுங்காது.

அதேபோல ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்லி உறுதி செய்வது, கிளம்பும் முன் யாருக்கு என்ன வேலை என்று பேசிக்கொள்வது, முடிந்த பிறகு எது சரி, எது தப்பு என்று அலசுவது ஆகியவையும் பாடத்தில் உண்டு. இவற்றை வகுப்பில் கேட்டுவிட்டுப் போவதில்லை. சிமுலேட்டரில் முழுக் குழுவாக உட்கார்ந்து, கோளாறு வந்த மாதிரி வைத்துப் பழகுகிறார்கள்.

பயிற்சி கைகொடுத்ததா?

1989 ஜூலை 19. டென்வரில் இருந்து சிகாகோ சென்ற யுனைடெட் 232-ம் எண் விமானத்தின் வால்பகுதி இன்ஜின் நடுவானில் வெடித்தது. சிதறிய துண்டுகள் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் சேதப்படுத்தின. விமானத்தைத் திருப்பவோ, ஏற்றி இறக்கவோ வழக்கமான வழி எதுவும் இல்லை. இப்படி ஒரு நிலைமைக்கு எந்தப் புத்தகத்திலும் வழிமுறை கிடையாது.

கேப்டன் அல் ஹேன்ஸ் 'எனக்குத் தெரியும்' என்று உட்கார்ந்திருக்கவில்லை. பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி டென்னிஸ் ஃபிட்ச் உதவ முன்வந்ததும், அவரை உள்ளே அழைத்தார். மிச்சமிருந்த இரண்டு இன்ஜின்களின் விசையைக் கூட்டிக் குறைத்தே விமானத்தைத் திருப்பும் வேலை ஃபிட்ச் கையில் வந்தது. நால்வரும் மாறி மாறி யோசனை சொல்லி, சூ சிட்டி ஓடுபாதை வரை விமானத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

தரையில் மோதி விமானம் சிதறியது. 112 பேர் இறந்தனர். ஆனால் 184 பேர் பிழைத்தார்கள். அவர்கள் பிழைக்க சிஆர்எம் பயிற்சியும் ஒரு காரணம் என்று ஹேன்ஸ் பின்னாளில் பல மேடைகளில் சொன்னார்.

முதல் நாள்தான் ஆபத்து

இதே வாரியம் 1978 முதல் 1990 வரை விமானக் குழுவின் தவறு சம்பந்தப்பட்ட பெரிய விபத்துகளை 1994-ல் ஆராய்ந்தது. விவரம் கிடைத்த விபத்துகளில் 73 சதவீதம், அந்தக் குழு சேர்ந்து பறந்த முதல் நாளில் நடந்தவை. 44 சதவீதம் சேர்ந்து பறந்த முதல் பயணத்திலேயே நடந்தவை.

நாசா நடத்திய ஒரு சிமுலேட்டர் ஆய்வும் இதையே காட்டியது. நன்றாக ஓய்வெடுத்துவிட்டு வந்த புதுக் குழுவைவிட, பல நாள் சேர்ந்து பறந்து களைத்துப்போன குழு குறைவான பெரிய தவறுகளே செய்தது. ஒருவர் எப்படிப் பேசுவார், எப்போது மௌனமாவார் என்று மற்றவருக்குப் பிடிபட நாளாகும். அடிக்கடி ஆளை மாற்றிக்கொண்டே இருக்கும் நிறுவனங்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

ஆபரேஷன் தியேட்டருக்குப் போன பாடம்

விமானத்தில் கற்றதை மருத்துவமனைகளும் எடுத்துக்கொண்டன. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் 19 அம்சங்கள் கொண்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலை வெளியிட்டது. கத்தி வைப்பதற்கு முன் அறையில் இருக்கும் எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. 'பெயர் சொன்னால் என்ன ஆகிவிடும்?' என்று தோன்றலாம். ஒருமுறை வாய் திறந்து பேசிவிட்டவருக்கு, ஆபத்து நேரத்தில் மறுபடி பேசுவது கொஞ்சம் சுலபம் என்பதுதான் கணக்கு.

டெல்லி உட்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் இதைச் சோதித்தபோது, இறப்பு விகிதம் 1.5 சதவீதத்தில் இருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளில் இதைக் கொண்டுவந்தபோது, குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று 2014-ல் வெளியான ஆய்வு சொன்னது. தாளில் டிக் அடிப்பது வேறு, உண்மையிலேயே பேசிக்கொள்வது வேறு என்ற விவாதம் அதன்பின் வலுத்தது.

தப்பை அதிகம் சொல்லும் டீம்தான் நல்ல டீமா?

ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல டீமில் தவறு குறைவாக இருக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. கிடைத்த புள்ளிவிவரமோ தலைகீழ். நல்ல டீம்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே பயமில்லாமல் வெளியே சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்பதே காரணம் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

கேள்வி கேட்டாலோ, தவறை ஒப்புக்கொண்டாலோ அவமானப்படுத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கையை அவர் 'மனரீதியான பாதுகாப்பு' என்றார். புதுவகை இதய அறுவை சிகிச்சையை 16 மருத்துவமனைகள் கற்றுக்கொண்ட விதத்தையும் அவரும் சக ஆய்வாளர்களும் ஒப்பிட்டார்கள். வேகமாகக் கற்றவை பெரிய பெயர் உள்ள மருத்துவமனைகளோ, மூத்த சர்ஜன்கள் இருந்தவையோ அல்ல. 'இது என் ஒருவனால் முடியாது, நீங்கள் பேசினால்தான் நடக்கும்' என்று சர்ஜன் சொன்ன குழுக்களே முந்தின. தன் நிறுவனத்தின் சுமார் 180 டீம்களை ஆராய்ந்த கூகுளும் இந்த நம்பிக்கையையே முதலிடத்தில் வைத்தது.

பேசுகிறவருக்கு மட்டும் பயிற்சி போதுமா?

போதாது என்பதற்கு இந்தியாவிலேயே உதாரணம் உண்டு. 2010 மே 22 அன்று துபாயில் இருந்து மங்களூரு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் 158 பேர் உயிரிழந்தனர். விமானம் இருக்க வேண்டிய உயரத்தைவிட மேலே இருந்தது. மறுபடி மேலே ஏறிச் சுற்றி வரலாம் என்று துணை விமானி மூன்று முறை சொல்லியிருந்தார். கேப்டன் தரையிறங்குவதையே தொடர்ந்தார்.

சிஆர்எம் வந்து 30 ஆண்டுகள் ஆகிவிட்டிருந்த காலம் அது. ஜூனியர் வாய் திறந்தார். ஆனால் அது முடிவை மாற்றவில்லை. துணிந்து பேசுவது பாதி வேலைதான். கேட்டு நிறுத்துவது மேலே இருப்பவர் கையில் இருக்கிறது.

உங்கள் டீமில் என்ன செய்யலாம்?

* வேலை தொடங்கும் முன் யாருக்கு என்ன பொறுப்பு என்று 5 நிமிடமாவது பேசுங்கள்.
* தலைவர் தன் கருத்தைக் கடைசியில் சொல்லட்டும். முதலில் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.
* 'ஏதாவது சந்தேகம் இருக்கா?' என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. 'இதில் எது சொதப்பும்னு நினைக்கிறீங்க?' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.
* தப்பைச் சொன்னவரை அந்த இடத்திலேயே திட்டினால், அடுத்த தப்பு உங்கள் காதுக்கு வராது.
* வேலை முடிந்ததும் எது நன்றாக நடந்தது, எது நடக்கவில்லை என்று சேர்ந்து பாருங்கள். அதைத் தலைவர் தன்னிடமிருந்தே தொடங்கட்டும்.

இதில் எதற்கும் பெரிய செலவு கிடையாது. ஆனால் ஒரே நாள் வகுப்பில் வந்துவிடக்கூடியதும் அல்ல. விமானிகள் இந்தப் பயிற்சியை ஒருமுறை முடித்துவிட்டு விடுவதில்லை, குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நாட்களில் பழகிய பேச்சுதான், நெருக்கடியில் வாயில் வரும்.