பழந்தானுந்துகளின் எஞ்சினை அடையாளம் காணல்

பழந்தானுந்து எஞ்சினை அடையாளம் காணல் என்பது, பழமையான காரொன்றில் பொருத்தப்பட்டுள்ள எஞ்சின் எவ்வகையைச் சேர்ந்தது என்பதையும், அது தொழிற்சாலையில் பொருத்தப்பட்டதா, பின்னர் மாற்றப்பட்டதா என்பதையும் கண்டறிவதாகும். பல நாடுகளின் பழைய கார்கள், கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் 2015 இல் திறக்கப்பட்ட ஜி. டி. கார் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. வெளித்தோற்றத்தைக் கொண்டு மட்டும் ஒரு காரின் எஞ்சினை உறுதி செய்ய இயலாது.

எஞ்சின் எண்

காரின் அடிச்சட்டத்துக்கு ஓர் எண்ணும் எஞ்சினுக்கு வேறோர் எண்ணும் இருப்பது வழக்கம். எஞ்சின் எண் உருளைத் தொகுதியின் மீது நேரடியாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அல்லது சிறு உலோகத் தகட்டில் பொறித்து அதில் பதிக்கப்பட்டிருக்கும். தகட்டைக் கழற்றி வேறு எஞ்சினில் பொருத்த முடியும் என்பதால், எண்ணுடன் எஞ்சினின் அமைப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பது தேவையாகிறது.

1908 முதல் 1927 வரை தயாரிக்கப்பட்ட போர்டு மாடல் டி காரில், எஞ்சின் எண்ணே காரின் எண்ணாகவும் கொள்ளப்பட்டது. எனவே எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால், அவ்வெண்ணைக் கொண்டு கணிக்கப்படும் காரின் வயதும் பிழையாகிவிடும்.

எடுத்துக்காட்டு: அம்பாசடர்

மோரிஸ் ஆக்சுபோர்டு காரை அடிப்படையாகக் கொண்ட இந்துஸ்தான் அம்பாசடர், மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரிக்கப்பட்டது. அதன் உருவம் பெரிதும் மாறாதபோதும் எஞ்சின்கள் மாறின. அவற்றுள் முக்கியமானவை:

* 1476 கன செ.மீ. பெட்ரோல்: தொடக்க கால எஞ்சின். வால்வுகள் உருளைகளின் பக்கத்தில் அமைந்தவை. ஆகவே மேற்பகுதி தட்டையாக இருக்கும். வால்வு மூடி இராது.
* 1489 கன செ.மீ. பெட்ரோல்: 1959 இல் அறிமுகமானது. வால்வுகள் உருளைகளின் மேலே அமைந்துள்ளதால், எஞ்சினின் உச்சியில் நீண்ட மூடி காணப்படும்.
* 1489 கன செ.மீ. டீசல்: இதில் ஸ்பார்க் பிளக், கார்புரேட்டர் ஆகியவை இல்லை. எரிபொருள் பம்பிலிருந்து ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனி உலோகக் குழாய் செல்லும்.
* 1817 கன செ.மீ. பெட்ரோல்: 1990களில் வந்த இசுசு வகை எஞ்சின். இதனுடன் ஐந்து வேகப் பல்லிணைப் பெட்டி வழங்கப்பட்டது.

நடுவிலுள்ள இரண்டும் ஒரே கொள்ளளவு உடையவை. எனவே கொள்ளளவை மட்டும் அறிவது போதாது.

சட்ட முக்கியத்துவம்

இந்தியாவில் எஞ்சின் எண் பதிவுச் சான்றிதழில் குறிக்கப்படுகிறது. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு வாகனத்தில் செய்யப்படும் மாற்றங்களை ஒழுங்குபடுத்துகிறது. 2021 இல் வெளியான விதித் திருத்தத்தின்படி, முதல் பதிவுக்குப் பின் 50 ஆண்டுகளைக் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு பெறலாம். ஆனால் அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யப்படாமல் அவை மூல வடிவிலேயே இருத்தல் வேண்டும். ஆகவே பழைய காரை வாங்குபவர், பதிவுச் சான்றிதழிலுள்ள எண், எஞ்சினிலுள்ள எண், எஞ்சினின் அமைப்பு ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா என முதலில் சரிபார்ப்பது நன்று.